ரோட்டில் ஒரு புள்ளி

கணக்கு ஏகாம்பரம் சார் இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக்...

நல்லவர், வல்லவர் என்று கமெண்டில் ஆரம்பிக்காதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

வாலாஜாபாத் ரோட்டில் நானும் அவரும் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு மனை வாங்கினோம். முக்கோண மனை. ரோடுதான் அடிப்பக்கம். ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் வயல், இரண்டும் ஒரே நீளம். உச்சி பின்னால்.

எனக்குச் சேலைப் பெட்டி அடுக்க குடோன் வேண்டும். அவருக்கு வீடு, முன்னால் வாடகைக் கடைகள்.

பிரிக்கும்போது ஓடையோரம் ரோட்டு மூலையிலிருந்து வயல் பக்கத்தின் நடுவுக்கு ஒரு கோடு போட்டார்.

"நடுக்கோடுபா. எந்த மூலையில இருந்து போட்டாலும் சரிபாதி."

சர்வேயர் அளந்தார். சரிபாதிதான். கையெழுத்துப் போட்டேன்.

நான் பரப்பைப் பார்த்தேன். அவர் ரோட்டைப் பார்த்திருக்கிறார்... ரோட்டோரம் முழுக்க அவருக்கு. என் பாதி ரோட்டைத் தொட்டது அந்த மூலையில் மட்டும்.

அவரிடம் டியூஷன் படித்த என் மகள்தான் சொன்னாள். "உச்சியில இருந்து போட்டிருந்தா ரோட்டுக்கு நேர் குத்தா வந்து, ரோட்டையும் பாதியா வெட்டியிருக்கும்பா. இருசமபக்க முக்கோணம்... சார்தான் எங்களுக்கு நடத்தினாரு."

தள்ளுவண்டிக்காவது வழி விடுங்கள் என்று போய் நின்றேன். டீக்கடையில் எல்லார் முன்னாலும் சிரித்தார்.

"ரோட்டுல உனக்கு ஒரு புள்ளி இருக்குதேபா! இன்னா, புள்ளிக்கு அகலம் கிடையாது. எட்டாவது பாடம் அது. நீ ஏழோட நின்னுட்ட."

ஓடைக்கரை வழியாகப் பெட்டிக் கட்டுகளைத் தலையில் சுமந்தேன். வருஷக்கணக்காக.

பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். அவருடைய கடைகள் மொத்தமும் இடிந்து, ரோடு வீட்டு வாசற்படிக்கே வந்துவிட்டது. என்னிடமிருந்து போனது அந்தக் கூர்முனை மட்டும். முனை போனதும் பின்னால் இருந்த அகலம் ரோட்டுக்கு வந்தது... லாரியே நுழையும்.

சார் டேப் பிடித்து அளந்துகொண்டு நின்றார்.

"இன்னா சார், புள்ளி பெருத்துடுச்சா?" என்று கேட்டேன்.

அதற்கப்புறம் அவர் என்னோடு பேசவில்லை.

இன்று அவர் மகன் வந்தான். "அண்ணே, அப்பாவ வெக்க வாசல்ல எடமில்ல. வண்டி போய்க்கினே இருக்குது. உங்க வழியில பந்தல் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கபா. சாயங்காலம் பெட்டி லோடு வருது. அதுக்குள்ள எடுத்துடுங்க."

மாலை வாங்கிவிட்டேன். நல்ல சம்பங்கி.

கிளம்புங்க சார்... லாரி வாலாஜாபாத் தாண்டிடுச்சாம்.