பொம்மைக்காரரின் மகள் அறை

காலை ஏழு மணிக்குப் பொம்மைக்காரர் ஒரு சின்ன டூத் பிரஷ்ஷை நனைத்து, உதறி, குவளையில் சாய்த்து வைக்கிறார். முக்கால் தம்ளர் பாலைத் தானே குடித்துவிட்டு மீதியைப் படிப்பு மேஜையில் வைக்கிறார். கட்டிலில் கிடக்கும் தலையணையில் முஷ்டியால் ஒரு குத்து. பிறகு உள்ளங்கையால் அந்தப் பள்ளத்தின் ஓரத்தைத் தடவிச் சரிசெய்கிறார். எட்டு வயது மகள் இந்த வாரம் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள்.

துணிக்கடையில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவர் வேலை. சட்டைப் பையில் எப்போதும் குண்டூசி இருக்கும். பேசிக்கொண்டே எதிரில் நிற்பவரின் காலரை இழுத்துச் சரிசெய்வார். எதிர்வீட்டுக்காரியான என் முந்தானையில் ஒருமுறை கைவைக்கப் போய் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். "கோவிச்சுக்காதீங்கக்கா. துணின்னா உள்ள ஒரு ஆள் மூச்சு விடுற மாதிரி நிக்கணும்."

விவாகரத்தின்போது பிள்ளை வாரம் மாற்றி வாரம் என்றுதான் தீர்ப்பு. இப்போது அம்மாவுக்கு வேறு ஊரில் வேலை. அப்பாவுக்கு மாதம் இரண்டு நாள் போதும் என்று புதிதாக மனுப் போட்டிருக்கிறாள். கோர்ட்டிலிருந்து ஓர் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து வீட்டைப் பார்ப்பார் என்று வக்கீல் எச்சரித்தார். அவ்வளவுதான், மனுஷன் கடை வேலையை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டார்.

"அவ இல்லாத வாரம் ரூம் காலியாத்தான தம்பி இருக்கும்? அது அவங்களுக்குத் தெரியாதா?" என்றேன்.

"காலியா இருந்தா காலின்னுதான் எழுதுவாங்கக்கா."

ஒருநாள் மீட்டர் பார்க்க வருபவருக்குத் திறந்துவிடச் சொல்லி என்னிடம் சாவி கொடுத்தார். எட்டிப் பார்த்தேன். கட்டிலடியில் ஒரு செருப்பு கவிழ்ந்து கிடந்தது. நாற்காலியில் ஃபிராக், காகிதம் அடைத்த கைகள் உப்பலாக. நோட்டில் பாதியில் விட்ட கணக்கு. பென்சில் நுனியில் பல் தடம். "பாப்பா" என்று கூப்பிட்டேவிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பதில் வராததுதான் எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

சனிக்கிழமை மகள் வந்தாள். அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்பா, என் ரூம்ல யாரு இருக்கா?"

"யாரும் இல்லடா கண்ணு. எல்லாம் உன்னோடதுதான்."

"நான் பென்சில் கடிக்க மாட்டேனே."

அந்த வாரம் முழுக்க அவள் ஹால் சோபாவில்தான் படுத்தாள். அவர் கெஞ்சினார், கொஞ்சினார், அந்தப் பென்சிலைத் தூக்கியும் எறிந்தார். ம்ஹூம், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். அறையைப் பார்த்து, "ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க" என்று பாராட்டினார். பிறகு பிள்ளையைத் தனியாக உட்காரவைத்துப் பேசினார். அவள் என்ன சொன்னாள் என்பது அறிக்கையை வக்கீல் படித்துக் காட்டியபோதுதான் தெரிந்தது: "அது என் ரூம் இல்ல. அங்க வேற ஒரு பொண்ணு இருக்கா. அப்பாவுக்கு அவளைத்தான் பிடிக்கும்."

தீர்ப்பு மாறிவிட்டது. இனி மாதம் இரண்டு நாள், அதுவும் அம்மா இருக்கும் ஊரில். அதைச் சொல்லும்போது பொம்மைக்காரர் என் வீட்டு ஜன்னல் திரையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். "முதல்ல போய் அந்த ரூமைக் கலைச்சுப் போடுங்க தம்பி!" என்று கத்திவிட்டேன்.

"சரிக்கா" என்று எழுந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் அதை இரண்டு முறை மெதுவாகத் தட்டிவிட்டு, தலையைச் சாய்த்துக் காத்து நின்றார்.