ஆய்வுக்கு மட்டும் போடும் சட்டை

மேலூர்ப் பக்கம், அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் தங்கும் இல்லத்தில் என் தம்பி இருக்கிறான்.

இன்று அங்கே அரசு ஆய்வு. “இன்னைக்கு வராதீங்கண்ணே” என்று வார்டன் போன் செய்தார். அதனாலேயே போனேன்.

எல்லோருக்கும் புதுச்சட்டை. ஆய்வுக்கு வந்த பெண் அதிகாரி திருப்தியாகக் கிளம்ப எழுந்தார்.

உடனே தம்பி சட்டையைக் கழற்றி, மடித்து, வார்டனிடம் நீட்டினான். மற்றவர்களும் பொத்தானை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.

“வெக்கை தாங்கல போல மேடம்” என்றார் வார்டன்.

“இல்ல மேடம். நீங்க கிளம்புனா சட்டையத் திருப்பிக் குடுக்கணும்னு பழக்கி வச்சிருக்காங்க” என்றேன்.

“இம்புட்டுப் பேசுனா தம்பியக் கூட்டிட்டுப் போயிருங்க” என்று வார்டன் முறைத்தார்.

“அவன் இங்கதான் இருப்பான். மேடம், அடுத்த தடவ சொல்லாம வாங்க. நானும் வாரேன்.”

அதிகாரி மறுபடி உட்கார்ந்தார்.

உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படி ஓர் இல்லத்தில் இருந்தால், ஆய்வுக்கு மறுநாள் போங்கள். என்ன சட்டையில் இருக்கிறான் என்று கீழே எழுதுங்கள்.