கல்லுக்குள் இருந்த நண்டு

தங்கமீன்களை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, மீன் தொட்டியில் கடல் தண்ணீரை நிரப்பினேன். கோமாரி ஊர்க் கடலில் எடுத்த கல்லொன்றையும் வைத்து, சில கிழமை பொறுத்து, நான்கு கடல் மீன்களை விட்டேன். மறுநாள் காலை ஒன்று வயிறு கிழிந்து மிதந்தது. அடுத்த காலை இன்னொன்று கண்ணில்லாமல் செத்துக் கிடந்தது. கல்லின் பொந்துக்குள் ஒரு நண்டைக் கண்டதும் எனக்கு வெறி பிடித்தது. கல்லை முற்றத்தில் போட்டுடைத்து, நண்டு கூழாகும்வரை சுத்தியலால் அடித்தேன்.

மூச்சு வாங்க உள்ளே வந்தேன். நான் ஆசைப்பட்டு வாங்கிய நீல மீன், மிஞ்சியிருந்த மற்ற மீனைத் தொட்டியின் மூலையில் நெருக்கிக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது.

மனைவி என் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தாள்.

“நண்டுதான் செத்துட்டுதே. இனி ஆர அடிக்கப் போறீங்க?”