அரை மணி நேரச் சோறு

என் கணவர் தஞ்சாவூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். பஸ் எங்கள் ஊர் வழியாகத்தான் போகும். நிறுத்தத்தில் நின்று டிரைவர் ஜன்னல் வழியே சாப்பாட்டுக் கேரியரைக் கொடுப்பேன். திருத்துறைப்பூண்டியில் அவருக்கு அரை மணி ஓய்வு. அதில் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும்போது காலிக் கேரியரை நீட்ட வேண்டும். இதுதான் ஏற்பாடு.

அந்த அரை மணி காகிதத்தில் பத்திரமாக இருந்தது. ரோட்டில்தான் இல்லை. போய்ச் சேர இவ்வளவு நேரம் என்பது எந்தக் காலத்திலோ எழுதிவைத்த கணக்கு. அறுவடை வந்தால் பாதி ரோட்டில் நெல் காயும், மீதிப் பாதியில் அறுவடை மெஷின் ஊர்ந்துகொண்டிருக்கும். எவ்வளவு லேட்டாகப் போய்ச் சேர்ந்தாலும் குறித்த நேரத்துக்குத் திரும்பக் கிளம்பியாக வேண்டும். தாமதமெல்லாம் கடைசியில் டிரைவர் சாப்பாட்டின் தலையில்தான் விடியும். நெல்லைக் காயப்போடுகிறவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள். வாயைத் திறக்க முடியாது. ஊருக்கே சோறு போடுகிற சீமை என்று பெருமை வேறு.

அவருக்குச் சர்க்கரை. காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு மதியம் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும், கண் இருட்டும். அந்தக் கையை நம்பித்தான் பஸ் நிறைய ஜனம்.

தை மாதத்தில் கேரியர் நிறைந்தே திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு நாள் அவர் அதை நீட்டியபோது விரல்கள் நடுங்கின. சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. எனக்கு ஆத்திரம் தலைக்கேறிவிட்டது. கேரியரோடு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றேன்.

"நவுரு. எல்லாரும் பாக்குறாங்க," என்றார்.

"பாக்கட்டும். சாப்புட்டுட்டு வண்டிய எடுங்க."

கண்டக்டர் இறங்கி வந்து கெஞ்சினார். "லேட்டாயிடும் அக்கா. என்னையத்தான் கேப்பாங்க."

முன் சீட்டிலிருந்த ஒருவர், "ஏம்மா, வீட்டுச் சண்டைய வீட்டுல வச்சிக்கக் கூடாதா?" என்றார். அவர் வாயில் வடை.

கடைசியில் என் கணவர் டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டார். அவமானத்தில் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. நடுக்கம் அடங்கியது தெரிந்த பிறகுதான் நான் விலகினேன்.

யாரோ செல்போனில் படம் பிடித்து, அது டிப்போ வரை போய்விட்டது. வண்டியை ஏன் வழியில் நிறுத்தினாய் என்று விளக்கம் கேட்டார்கள். ஏன் சாப்பிடவில்லை என்று யாரும் கேட்கவில்லை. அதற்குத்தான் அரை மணி கொடுத்திருக்கிறார்களே. பிறகு அவரைப் பட்டுக்கோட்டை பஸ்ஸுக்கு மாற்றினார்கள். அது எங்கள் ஊர்ப் பக்கமே வராது. "இனிமே வீட்டம்மா தொந்தரவு இல்லாம ஓட்டலாம்" என்று ஓர் அதிகாரி சிரித்தாராம். நாசமாய்ப் போக.

இப்போது மதியத்தில் போன் செய்கிறேன்.

"சாப்டீங்களா?"

"சாப்டாச்சு, சாப்டாச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கண்டக்டரின் விசில் கேட்கிறது. கியர் விழுகிறது, வண்டி உறுமுகிறது. பொய் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். ஓட்டுகிற ஆளிடம் சண்டை போடக் கூடாது என்பதால், "சரிங்க" என்று வைத்துவிடுகிறேன்.