நாற்பதில் நிற்காத முள்

நீலாவதிக்கு அந்த வேலை கிடைத்ததே கணவர் செத்ததால்தான். அந்தத் தீவில், பத்துபஸ்தி என்ற ஊரில் மேட்டின் மேல் பன்னிரண்டு அரசாங்கக் குடியிருப்புகள். கீழே பள்ளத்தில் ஒரு கிணறு. அங்கிருந்து ஒரு மூடிய இரும்புத் தொட்டி வழியாகத் தண்ணீர் ஏற்றும் பம்புக்கு அவள் கணவர் பக்தவத்சலம்தான் ஆபரேட்டர். 1971 செப்டம்பர் மழையில் ஒருநாள், பம்ப் அறைக்குள் கணுக்கால் தண்ணீரில், பிரஷர் சுவிட்சின் இரும்புப் பெட்டிமேல் கை வைத்தபடி இறந்து கிடந்தார். ஃபியூஸைப் பிடுங்காமல் தொட்டிருக்கிறார், அவருடைய கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை முடித்தார்கள்.

இரண்டு பெண் குழந்தைகள். கடல் தாண்டி மெயின்லேண்டில் இருந்த மாமியார் வீட்டிலிருந்து, இங்கே வர வேண்டாம் என்று கடிதம் வந்துவிட்டது. ஜூனியர் இன்ஜினியர் (ஜே.இ.) சிவஞானம் இரக்கப்பட்டு, அதே வேலையை அவளுக்குத் தினக்கூலியாகப் போட்டுக்கொடுத்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க வேண்டும். பம்ப் அறையை ஒட்டிய ஒற்றை அறையில் இருந்துகொள்ளலாம்.

"நீ ஒண்ணும் பண்ண வேணாம்மா," என்றார் அவர். "தொட்டியில தண்ணி ஏற ஏற, மேல இருக்கிற காத்து அமுங்கும். மீட்டர் முள்ளு நாப்பதுக்கு வந்தா சுவிட்சு தானா மோட்டார நிறுத்திடும். வீடுகள்ல குழாயத் திறந்தா முள்ளு இறங்கும். இருபதுக்கு வந்தா அதுவே போட்டுவிடும். கிணத்துல தண்ணி கொறஞ்சா மட்டும் ஃபியூஸப் பிடுங்கிடு. சுவிட்சுல கை வைக்காத."

அந்தப் பெட்டியைத் துடைக்கக்கூட அவள் கை போனதில்லை.

1973 மார்ச்சில், மழை பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்த சமயம், ஒரு காலையில் சுவிட்ச் 'டக் டக்' என்று அடிக்கத் தொடங்கியது. மோட்டார் ஓடும், மூன்று விநாடியில் நிற்கும், மறுபடி ஓடும். முள் இருபதுக்கும் நாற்பதுக்கும் நடுவே பைத்தியம் பிடித்ததுபோல் ஆடியது. மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள், கை சுட்டது. ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

ஜே.இ. வேறொரு தீவிலுள்ள ஹட் பேக்குப் போயிருந்தார். வயர்மேனும் அவரோடு கப்பலில். கிளார்க் உதயசூரியன் தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "புது சுவிட்சு கடல் தாண்டி அடுத்த ஜஹாஜ்லதான் வரணும், இருபது நாள் ஆகும். அதுவரைக்கும் பம்ப பந்த் பண்ணி வை. மோட்டார் எரிஞ்சா உன் நௌக்ரியும் போச்சு, தெரிஞ்சுக்க."

திரும்பி வந்தபோது பம்ப் அறை வாசலில் குடங்களோடு பெண்கள் நின்றார்கள். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகாத ருக்கு, சுவரைப் பிடித்துக்கொண்டு மேட்டிலிருந்து இறங்கி வந்திருந்தாள்.

"என் தம்பிக்கு இந்த வேலையெல்லாம் அத்துப்படி," என்றாள் மூன்றாம் வீட்டு அலமு, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவன் இருந்திருந்தா இந்த கதியே வந்திருக்காது."

நீலாவதி உள்ளே போய்த் தொட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். வேலை போனால் அறையும் போகும். மகள்களைக் கூட்டிக்கொண்டு எந்தக் கப்பலில் எங்கே போவது? ஆத்திரம் தாங்காமல் தொட்டியை ஓங்கிக் குத்தினாள். 'தொம்' என்றது. மேலே குத்தினாள். அங்கேயும் 'தொம்'. எழுந்து நின்று உச்சியில் தட்டினாள். அடியிலிருந்து உச்சி வரை ஒரே சத்தம். காற்று இருந்தால் உச்சியில் 'ணங்' என்றிருக்கும். உள்ளே காற்றே இல்லை, முழுக்கத் தண்ணீர்; அமுங்க எதுவும் இல்லாமல்தான் முள் அப்படி ஆடியிருக்கிறது.

மாதம் ஒருமுறை பக்தவத்சலம் அடி மூடியைக் கழற்றித் தொட்டித் தண்ணீரையெல்லாம் வெளியே விடுவார். குடிக்கிற தண்ணீரை இப்படிக் கொட்டுகிறீர்களே என்று அவள் சண்டை போட்டிருக்கிறாள். "தொட்டிக்கு மூச்சு முட்டுதுடி" என்பார். ஏதோ கிண்டல் செய்கிறார் என்று நினைத்திருந்தாள். ஒன்றரை வருஷமாக அதை யாரும் செய்யவில்லை.

அடி மூடி துருப்பிடித்து இறுகியிருந்தது. முதல் வீட்டில் இருந்த டிரைவர் நூர்முகம்மது லாரி ஸ்பானரைக் கொண்டுவந்து திருகினார். ஒரு சொட்டும் வீணாகாமல் குடங்களிலும் அண்டாக்களிலும் பிடித்தார்கள். தொட்டி காலியாகிக் காற்று நிறைந்ததும், மூடியை இறுக்கி ஃபியூஸை மாட்டினாள்.

மோட்டார் சீராக ஓடியது. முள் இருபது, முப்பது, நாற்பது என்று ஏறியது. நாற்பத்தைந்து. ஐம்பது. குழாய் மூட்டில் தண்ணீர் பீறிட்டது. அவள் ஃபியூஸைப் பிடுங்கினாள்.

"உள்ள கான்டாக்டு ஒட்டிக்கிச்சு போலிருக்கு," என்றார் நூர்முகம்மது. "படபடன்னு அடிச்சதுல சூடேறி உருகியிருக்கும். இனிமே அது தானா நிக்காது. வேணாம் தங்கச்சி, வயர்மேன் வரட்டும்."

"அவர் வர்ற வரைக்கும் தண்ணி ஏறலன்னா எனக்கு இங்க வேலை இருக்காது அண்ணே."

மகள்கள் இரண்டு பேரையும் ருக்கு வீட்டுக்கு அனுப்பினாள். கூப்பிடும்வரை இந்தப் பக்கம் வரக்கூடாது என்றாள். ஃபியூஸைச் சேலை முந்தானையில் முடிந்தாள். காய்ந்த பலகையைப் போட்டு அதன்மேல் நின்றாள். ஸ்குருடிரைவரைப் பிடித்த கை பெட்டிக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது. முடிச்சை அவிழ்த்து ஃபியூஸைப் பார்த்தாள். மறுபடி முடிந்தாள். மூன்று முறை அப்படிச் செய்தாள்.

பிறகு மூடியைக் கழற்றினாள். உள்ளே கருகிய எறும்புகள். இரண்டு செப்பு நுனிகள் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டிருந்தன. நெம்பிப் பிரித்து, கரி போக உப்புத்தாளால் தேய்த்து, மூடியை மாட்டி வெளியே வந்தாள். ஃபியூஸைப் போட்டாள். முள் நாற்பதுக்கு வந்தது. 'டக்'. மோட்டார் நின்றது. மகள்களைக் கூப்பிட நீலாவதி மேடேறினாள்.

புது சுவிட்ச் ஏப்ரலில் வந்தது. வயர்மேன் ஜம்புலிங்கம் அதை மாட்டும்போது, பெட்டியின் ஓரத்தில் ஒரு ஸ்குரு சும்மா இருப்பதைக் கண்டு, அது எதற்கு என்று நீலாவதி கேட்டாள்.

"எர்த் கம்பி மாட்ட."

"பழசுல எர்த் இருந்துதா?"

"இங்க எப்பவுமே இழுக்கலம்மா."

"இருந்திருந்தா?"

"பெட்டியில கரண்டு கசிஞ்சதுமே ஃபியூஸ் போயிருக்கும். தொட்டாலும் ஒண்ணும் ஆகியிருக்காது," என்றார்.

நீலாவதி ஃபியூஸை எடுத்துக்கொண்டு போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் மேட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை. அலமு புகார் எழுதிப் பத்துப் பேரிடம் கையெழுத்து வாங்கினாள். சிவஞானமே நேரில் வந்தார்.

"உன் வேலையே போயிடும்மா."

"போகட்டும் சார். எர்த் போடாம இதைத் தர மாட்டேன்."

மூன்றாம் நாள் ஜம்புலிங்கம் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, எர்த் குழாய் இறக்கினார். அவர் மண்ணை மூடும்வரை கூடவே நின்று பார்த்துவிட்டு ஃபியூஸைக் கொடுத்தாள்.

ஃபைலில் 'கவனக்குறைவு' என்பதை அடித்து நீக்கச் சொல்லி ஒரு மனு எழுதவைத்துக் கொடுத்தாள். பதில் வரவில்லை. ஜூன் மாதக் கூலிப் பட்டியலில் அவள் பெயர் இல்லை. அலமுவின் தம்பி பெயர் இருந்தது. சௌல்தாரியில் ஒரு பாக்குத் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று நூர்முகம்மது விசாரித்து வந்து சொன்னார். கொட்டும் மழையில், ஒரு டிரங்குப் பெட்டியோடும் இரண்டு மகள்களோடும் அவருடைய லாரியில் ஏறிப் போனாள்.