மூன்றாம் மாடித் தண்ணீர்

மழைக்காலம் வந்தால் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் நான் செடிகளை மோந்து பார்க்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது. ஆர்க்கிட் இலையில் அழுகல் நோய் விழுந்தால் முதலில் எண்ணெய் பட்டதுபோல ஒரு புள்ளி மட்டும்தான் இருக்கும். மூடாப்பு வெளிச்சத்தில், என் வயசுக் கண்ணுக்கு, அது தெரியாது. மூக்குக்குத் தெரிந்துவிடும். கெட்டுப்போன மீன் வாடை. நாற்பத்திரண்டு தொட்டியையும் குனிந்து குனிந்து மோந்து முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும். "நாய்கூட இம்புட்டு மோக்காது" என்பாள் என் வீட்டுக்காரி, டீயைத் தட்டு போட்டு மூடிக்கொண்டே.

செம்பூரில் எங்கள் கட்டடம் ஐந்து மாடி. நாங்கள் மூன்றாவது. ஜன்னலுக்கு வெளியே கூண்டுபோல நீட்டிக் கட்டிய கிரில், அதுதான் என் தோட்டம். ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவன். ரிட்டயர் ஆகப் போகிற சமயத்தில் மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் ஒரு செடிக்காரரிடம் சும்மா ஒரு தொட்டி வாங்கினேன், அது இப்படிப் பெருகிவிட்டது. கட்டடத்தில் என் பேரே ஆர்க்கிட் அண்ணாச்சி. பூத்தால் படம் எடுத்துக் கட்டடத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடுவேன். செத்தால் போடமாட்டேன். அதனால் என் கையில் எதுவும் சாகாது என்று எல்லோரும் நம்பினார்கள்.

எனக்கு மேல் மாடியில் துணியைச் சரியாகப் பிழியாமல் காயப்போடுவார்கள். சோப்புத் தண்ணீர் என் வாண்டா ஆர்க்கிட்டின் தொங்கும் வேர்மேல் சொட்டும். அதற்காகக் கட்டடத்து சொஸைட்டிக்கு மூன்று தடவை எழுதிக் கொடுத்திருக்கிறேன். என் தண்ணீரும் கீழ்வீட்டில்தானே சொட்டுகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. மேலிருந்து நமக்கு விழுந்தால் அழுக்கு. நம்மிடமிருந்து கீழே விழுந்தால் சத்து.

சத்து என்று சொன்னது கீழ்வீட்டு டீச்சர். இரண்டாம் மாடியில் தனியாக இருக்கிறார், தாராவியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் நாசரேத் பக்கம். கடைசி நாளன்று வகுப்புப் பிள்ளைகள் காசு சேர்த்து அவருக்கு ஒரு ஆர்க்கிட் வாங்கிக் கொடுத்தார்கள். அகல இலையும் பட்டாம்பூச்சி மாதிரி வெள்ளைப் பூவுமாகக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்த ஜாதி. பூ உதிர்ந்த பிறகு மூன்று வருஷமாக வெறும் இலைதான். அவர் வீட்டில் இருந்த ஒரே செடியும் அதுதான்.

ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தினார். "அண்ணாச்சி, நீங்க ஒரமெல்லாம் போடுதியள்லா, ஒங்க தண்ணி சத்துள்ள தண்ணி. என் செடிய ஒங்க சொட்டு விழுத கிரில் ஓரத்துல வச்சிட்டேன் பாத்துக்கிடுங்க" என்றார். ஒரு செடியில் வடிந்த தண்ணீர் இன்னொரு செடிமேல் படக்கூடாது என்பது இந்த வளர்ப்பில் அரிச்சுவடி. நோய் இருந்தால் தண்ணீரோடு கூடவே போய்விடும். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருத்தர் நம்மைப் புகழும்போது குறுக்கே பாடம் நடத்த யாருக்கு மனசு வரும்? சிரித்துக்கொண்டே மேலே வந்துவிட்டேன்.

போன செப்டம்பரில் டீச்சர் கூப்பிட்டு அனுப்பினார். "ஒண்ணு மொளச்சிருக்கு, வேரா தண்டான்னு தெரியல." போய்ப் பார்த்தேன். இலைக்கடியிலிருந்து சுண்டுவிரல் நீளத்துக்குப் பச்சையாக எட்டிப் பார்த்தது. பூந்தண்டுதான். குளிர் வந்தால்தான் விடும் என்று நான் சொல்லி வைத்திருந்தேன், அதற்கு மழைக்குளிரே போதும் என்று பட்டிருக்கிறது.

"கிறிஸ்மஸுக்குப் பூத்துருமா அண்ணாச்சி?"

"பூத்துரும் டீச்சர். நான் இருக்கேன்லா."

அந்த வகுப்புப் பிள்ளைகள் இப்போது ஆளுக்கொரு மூலையில். ஒருத்தி கோபர்கைரனேயில், ஒருத்தன் துபாயில். பூத்ததும் படம் எடுத்து அத்தனை பேருக்கும் அனுப்பவேண்டும் என்றார். "அதுக எங்கிட்டக் குடுத்தது வீணாப் போகலன்னு அதுகளுக்குத் தெரியணும்லா." அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் தண்டு எத்தனை விரல்கடை வளர்ந்திருக்கிறது என்று கணக்குச் சொல்வார்.

அந்த மாதக் கடைசியில், மழை போய்விட்டது என்று நாம் நம்புகிற நேரம் பார்த்து மறுபடி பிடித்துக்கொண்டது. நாலு நாள் வெயிலே இல்லை. சனிக்கிழமை காலையில் மோந்தபோது மூலைத்தொட்டியில் அந்த வாடை. இலையைத் தொட்டேன், விரல் உள்ளே போய்விட்டது. மூன்று மழைக்காலமாக இதே கதை. அதைப் பார்த்ததும் கோபம்கூட வரவில்லை, அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

செய்ய வேண்டியது எனக்கு அத்துப்படி. பிளேடை கேஸ் அடுப்பில் காட்டி, ஆறவைத்து, அழுகலுக்கு இரண்டு விரல் தள்ளி நல்ல பாகத்தில் அறுக்கவேண்டும். வெட்டுவாயில் பட்டைப்பொடி தடவவேண்டும். அடுத்த செடிக்குப் போகுமுன் மறுபடி பிளேடைத் தீயில் காட்டவேண்டும். நோயாளிகளைத் தனியாகப் பிரிக்கவேண்டும். தண்ணீரே காட்டக்கூடாது. சனிக்கிழமை இரண்டை அறுத்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் இன்னும் ஒன்பது. சோபாவில் நாலு, பாத்ரூமில் மூன்று, மீதியை டிவி மேஜையில் வைத்தேன். குருமாவுக்குப் பட்டை தேடின வீட்டுக்காரி காலி டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள். "எனக்கு ஒரு வாரமா முட்டி வலிக்கி. எனக்கும் ரெண்டு எல வளந்திருந்தா கவனிச்சிருப்பிய" என்றாள்.

வீட்டில் அழுகலுக்கு அடிக்கிற காப்பர் மருந்து தீர்ந்து போயிருந்தது. கிடைக்கிற கடை மாட்டுங்காவில். அன்றைக்குத் தண்டவாள வேலைக்கான மெகா பிளாக், ஹார்பர் லைனில் ரயில் இல்லை. பஸ்ஸில் போயிருக்கலாம். போகவில்லை. மத்தியானம் வரைக்கும் அறுத்துச் சுட்டு, சுட்டு அறுத்துக் கை ஓய்ந்துவிட்டது. கிரில்லில் மீந்திருந்த செடிகளிலும் தரையிலும் அழுகல் நீர் வடிந்து கிடந்தது, வாடை வீட்டுக்குள் வந்தது. நான் பாத்ரூம் குழாயில் பைப்பை மாட்டி, ஜன்னல் வழியாக நீட்டி, எல்லாவற்றையும் ஒரே அடியாக அடித்துக் கழுவிவிட்டேன். செய்யக்கூடாதென்று தெரியும். தெரிந்தேதான் செய்தேன். சலித்துப்போனவனுக்குத் தெரிந்தது எதுவும் உதவாது. தண்ணீர் கம்பி கம்பியாகக் கீழே இறங்கியது. கழுவி முடித்ததும் வாடை போய்விட்டது, எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சாயங்காலம் குரூப்பில் யாரோ, "அண்ணாச்சி, இந்த வாரம் பூ ஒன்றும் இல்லையா?" என்று கேட்டிருந்தார்கள். போன வருஷத்து வாண்டா படம் ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டேன். டீச்சர் அதற்குக் கைகூப்பிய பொம்மை அனுப்பியிருந்தார்.

திங்கட்கிழமை உடம்பு வலியில் எழுந்திருக்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை போய் மருந்து வாங்கி வந்து அடித்தேன். அடித்துவிட்டு எட்டிப் பார்த்தபோது, கீழே டீச்சரின் தொட்டி முன்பிருந்த ஓரத்தை விட்டு கிரில்லின் நடுவில், என் செடிகளுக்கு நேர் கீழே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கழுவிய தண்ணீர் அத்தனையும் அதன்மேல்தான் விழுந்திருக்கும். ஆனாலும் கூப்பிட்டு எடுக்கச் சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்.

புதன்கிழமை தொட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தார் டீச்சர். வாசலில் வைக்கும்போதே எனக்கு வாடை வந்துவிட்டது. நடுக்குருத்து கூழாகியிருந்தது. தண்டை நான் லேசாகத்தான் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. ஆறு விரல்கடை வளர்ந்திருந்தது.

"நான்தான் தண்ணி ஜாஸ்தி விட்டுட்டேன் போல அண்ணாச்சி. ஒங்கள மாதிரி பாத்துக்கிடத் தெரியல" என்றார். அவர்தான் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி நின்றார்.

"மழை டீச்சர். யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். என் பின்னால் டிவி மேஜையில் கிடந்த அறுபட்ட செடிகளை அவர் பார்த்தார். அவர் இறங்கிப் போனதும் அடுப்படியிலிருந்து வீட்டுக்காரி வந்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிய" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த வாரம் பதினாலு தொட்டி போயிற்று. ஒவ்வொன்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பைக்குக் கொண்டுபோனபோது, அவர் வீட்டு வாசலைத் தாண்டித்தான் இறங்கவேண்டியிருந்தது. என் செடிகள் போனதில் அலுப்புதான் இருந்தது. அந்த ஒற்றைச் செடியை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு அவர் சர்ச்சிலிருந்து வந்ததும் கீழே போனேன். உட்காராமலே சொன்னேன். என் செடிகளில் முன்னமே நோய் இருந்ததை, பைப்பில் கழுவியதை, வாட்ஸ்அப் படம் பழசு என்பதை, எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் கடைசிவரை கேட்டார்.

"கழுவுனது தெரியும் அண்ணாச்சி. வாடையும் வந்துச்சு. நீங்க மருந்தடிக்கியன்னு நெனச்சேன். நம்ம செடிக்கும் நாலு சொட்டு விழட்டும்னு நான்தான் ஓரத்துல இருந்தத நடுவுல நகட்டி வச்சேன்" என்றார். பிறகு, "அதுல மருந்தே இல்லியா?" என்று கேட்டார்.

"இல்ல டீச்சர். மருந்து செவ்வாக்கெழமைதான் அடிச்சேன்."

அவர் தலையாட்டினார். என்னிடம் நல்லதாக ஒரு செடி இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பிள்ளைகள் கொடுத்தது அதுதான், வேறு வைத்து என்ன செய்ய என்றார். நான் வாசல்வரை வந்தபிறகு பின்னாலிருந்து சொன்னார்: "அண்ணாச்சி, இனி மருந்தடிச்சா கீழ ஒரு சத்தம் குடுங்க. அடிக்காட்டியும் குடுங்க."

இப்போது கிரில்லுக்கு அடியில் தகரத்தட்டு அடித்துவிட்டேன், ஒரு சொட்டு கீழே போகாது. மிச்சம் இருப்பது இருபத்தெட்டு தொட்டி. இந்த வருஷ மழையும் வந்துவிட்டது. காலையில் மோந்து முடித்ததும் கம்பியைப் பிடித்துக் கீழே குனிகிறேன். டீச்சரின் கிரில்லில் துடைப்பமும் ஒரு பக்கெட்டும்தான் இருக்கின்றன. "இன்னைக்கு ஒண்ணுமில்ல டீச்சர்" என்கிறேன். "சரி அண்ணாச்சி" என்று உள்ளேயிருந்து குரல் வருகிறது.