தொக்கம் எடுத்த பிறகு கொடுத்த கஞ்சி

என் தங்கையைப் பழவேற்காட்டில், ஏரியில் மீன் பிடிக்கும் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அறுபதுகளின் கடைசியில் அவளுக்கு ஒரு பெண் பிறந்தாள். தாய்ப்பால் குடித்தவரை குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. சோறு பிசைந்து ஊட்டத் தொடங்கிய பிறகுதான் தொல்லை வந்தது. ஒன்றிரண்டு வாய் உள்ளே போகும். பிறகு முகம் சிவந்து, எச்சில் ஒழுக, தின்றது அப்படியே வெளியே வந்துவிடும். புளித்த வாடைகூட இருக்காது.

தொண்டையில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்றார் தங்கையின் மாமியார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான். பெரியபாளையத்தில் அதற்கென்று ஒருவர் இருந்தார். அவர் குழந்தையின் வயிற்றை நீவிவிட்டு, கழுத்தில் ஒரு குழலை வைத்து உறிஞ்சி, வெற்றிலையில் எதையோ துப்பிக் காட்டினார். முறுக்குத் துண்டு போலிருந்தது. அதுவரை குழந்தைக்கு முறுக்கே கொடுத்ததில்லை. அதை யாரும் கேட்கவில்லை. சில நாளைக்குக் கஞ்சி மட்டும் கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

கஞ்சி ஒழுங்காக இறங்கியது. வாந்தி நின்றது. தொக்கம் போய்விட்டதென்று நம்பினோம். சோறு கொடுத்ததும் மறுபடி வாந்தி, மறுபடி பெரியபாளையம், மறுபடி கஞ்சி. இப்படியே குழந்தைக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. கஞ்சி வயிற்றில் தங்குகிறது, சோறு வெளியே வருகிறது என்பது எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது.

ஊருக்கு வந்துபோகும் நர்ஸம்மா ஒருவர் வற்புறுத்திய பிறகே பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் உடன் போனேன். வெள்ளை மருந்தைக் குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தில் மருந்து நெஞ்சுவரை அகலமாக வந்து, ஓரிடத்தில் நூலாக மெலிந்து, அதற்குக் கீழே மறுபடி அகன்றது. உணவுக்குழாய் பிறவியிலேயே அந்த இடத்தில் குறுகலாக இருக்கிறது, நீர்ப்பொருள்தான் நுழையும் என்று டாக்டர் விளக்கினார்.

"கஞ்சி குடிச்சிக்கினு நல்லாத்தானே இருந்திச்சி, டாக்டர்?" என்று கேட்டாள் தங்கை.

"அதனாலதாம்மா இத்தனை நாள் தெரியாம போச்சு."

மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாயை விட்டுக் குறுகலை விரித்தார்கள். அவசரப்பட்டால் கிழிந்துவிடும் என்பதால், இடைவெளி விட்டு விட்டு, ஒவ்வொரு முறையும் சற்றுப் பருமனான குழாய். பல மாதம் அலைந்தோம். கடைசியில் இட்லி இறங்கியது, பிறகு சோறும் இறங்கியது. ஆனால் வளர வேண்டிய வயதில் வளராத உடம்பு, பிடித்துவைத்த மாதிரி அப்படியே நின்றிருந்தது.

ஐந்து வயது முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அழைத்துப் போனோம். தலைக்கு மேல் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். எட்டவில்லை. அவள் வயதுத் தெருப் பிள்ளைகள் எல்லாம் தொட்டுவிட்டு உள்ளே போயிருந்தார்கள்.

"வயசு ஆயிடிச்சி சார். ஒடம்புதான் வரல," என்றாள் தங்கை.

வாத்தியார் சிரித்தார். "இன்னாம்மா, ஊட்டுல சோறு போடறதில்லையா?"

"இப்பத்தான் சார் போடறேன்."

அந்த வருஷம் குழந்தையைச் சேர்த்துக்கொள்ளவில்லை.